தெரு என்று நான் எழுதிய கால்வாய்

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் நீளமாக ஒரு புல்பள்ளம் இருக்கிறது. வந்த முதல் மாதம், துணி உலர்த்தும் கம்பிச்சட்டத்தை அதில் விரித்து வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மையார், டச்சு மொழியில் 'அம்மணி' என்று அழைத்தபடி ஓடி வந்தார். "மெஃப்ரௌ, அது தண்ணீருக்கான இடம்!" புல் காய்ந்துதான் இருந்தது. "தண்ணீர் இல்லையே" என்றேன். வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, தன் தோட்டக் குழாயைக் காட்டினார்.

இன்று இங்கே ஒரு நகரமைப்பு அலுவலகத்தில் அந்தப் பள்ளங்களை வரைவதுதான் என் வேலை. மாதம் முழுக்கப் பெய்த மழை இனி ஒரே மதியத்தில் கொட்டும் என்று பள்ளி மைதானத்தைத் தாழ்த்துகிறோம், வண்டி நிறுத்துமிடத்தில் சிமெண்டைப் பெயர்க்கிறோம். பெய்யாத மழைக்கு இடம் பிடித்து வைக்கிறோம். நான் கவனமானவள் என்று யாராவது பாராட்டினால் கூசுகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், டிப்ளமோ முடித்த கையோடு, காஞ்சிபுரத்தில் ஒரு மனைப்பிரிவுக்காக நில அளவை எடுத்தேன். கோடைக்காலம். நெசவாளர் குடியிருப்புக்குப் பின்னால் நேராக, அகலமாக ஒரு மண் தடம். காலையில் அங்கேதான் பாவு போடுவார்கள். சேலைக்கான நீளநூலை இழுத்துக் கட்டி, சிக்கெடுப்பார்கள். எங்கள் தெருக்காரரான சேகர் அண்ணன் நூலைப் பிடித்தபடி கத்தினார்: "ஓரமாப் போம்மா! இழை அறுந்தா உங்க ஆபீஸா வந்து முடிச்சி போடும்?" சிரித்துக்கொண்டே என் பட்டியலில் 'தெரு' என்று எழுதினேன். மழைக்காலத்தில் அது என்னவாக இருக்கும் என்று கேட்கவில்லை. என் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

அது ஏரிக்குப் போகும் கால்வாய். மண் கொட்டி மேடாக்கி, மனைகளாக விற்றார்கள். மகள் அளந்த இடம் என்ற நம்பிக்கையில் அப்பாவும் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார்.

அடுத்த ஐப்பசியில் தண்ணீர் நெசவாளர் வீடுகளுக்குள் புகுந்தது. தறியில் உட்கார்ந்து கால் வைக்கும் குழி நிரம்பி, பாதி நெய்த பட்டு நனைந்து சாயம் கலங்கியது. சேகர் அண்ணன் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். "தறிக் குழியில மீன் வளக்கலாம் போலக்கீதும்மா. எவனோ கால்வாயத் தெருன்னு எழுதிட்டானாம். கண்ண மூடிக்கினு எழுதினானா இன்னா?"

நானும் ஒரு வாளியை எடுத்தேன். எழுதியது நான்தான் என்று சொல்லாமலே இறைத்தேன். அதன்பின் மேற்படிப்புக்குக் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு பல மழைக்காலங்கள் போய்விட்டன. போன வாரம் அப்பா தொலைபேசியில் சொன்னார்: "மறுபடியும் தறி வீடுங்கள்ல தண்ணி ஏறிடிச்சி. சேகரு மனு குடுத்துக்கினு திரியறான். கால்வாய் இருந்ததுக்கு அத்தாட்சி இன்னான்னு ஆபீஸ்ல கேக்கறாங்களாம்."

"நான் எழுதித் தரேன்ப்பா. தப்பு என்னுதுதானே."

"கால்வாய மறுபடி தோண்டினா நம்ம வீடுதாம்மா மொதல்ல போவும். அந்தப் பின்கட்டு ரூம் உனக்குன்னுதானே கட்டினேன்?"



இன்று அலுவலக மேசையில் அந்தப் பகுதியை நினைவிலிருந்து வரைந்தேன். ஏரியிலிருந்து தொடங்கிய நீலக்கோடு மனைகளைக் கடந்து, அப்பாவின் சமையலறையைத் தொட்டு, ஊருக்குத் திரும்பினால் நான் படுக்க வேண்டிய அறையின் நடுவே போயிற்று. கோட்டை வளைக்க இடம் இருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். பிறகு, நீலம் காய்வதற்குள், அந்த அறையின் மேலேயே 'கால்வாய்' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன்.