விசாரிக்க வந்தவர்

திருப்பூரில் ஒரு வங்கியில் ஏற்றுமதி பில்களைச் சரிபார்ப்பது அப்போது என் வேலை. ஒரு காலையில் நிதிக் கண்காணிப்பு அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். கூட வந்தவர் உளவுத்துறை என்று மேனேஜர் என் காதில் சொன்னார். ஒல்லியான மனிதர், வெளுத்த அரைக்கைச் சட்டை. கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அதிகாரி, மங்கலம் ரோட்டு பனியன் கம்பெனி ஒன்றின் காகிதங்களைக் கேட்டார். உளவுத்துறைக்காரர் என்னிடம் கேட்டது வேறு.

“அந்த ஓனர் உங்க கல்யாணத்துக்கு என்ன செஞ்சார்?”

“அரைப் பவுன் மோதிரமுங்க. முந்தின நாளே ஊட்டுக்கு வந்து குடுத்தாருங்க.”

“தெரியும். நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன்.”

அடுத்த வாரம் ஓனரும் எங்கள் மேனேஜரும் கைதானார்கள். பெட்டிகளில் கழிவுத் துணியை அனுப்பிவிட்டு, கடத்தல் கும்பலின் பணத்தைப் பனியன் விற்ற பணமாக வரவழைத்திருக்கிறார்கள். அந்த பில்களில் என் கையெழுத்தும் இருந்தது. ஆனாலும் என்னை விட்டுவிட்டார்கள்.

அந்த உளவுத்துறைக்காரரை நான் மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால், மோதிரத்தைப் பற்றி யார் சொன்னது என்று கேட்பேன். ஓனர் அதைக் கொடுத்தபோது அறையில் இருந்தது நானும் என் அண்ணனும்தான். இன்றும் அண்ணன் வந்தால் அளவாகத்தான் பேசுகிறேன்.