சேர்வரில் மாட்டிய படம்

வெட்கத்தில் இதை எழுதாமலே விடப் பார்த்தேன்.

நண்பன் ரிஸ்வான் சல்லிக் கிராமத்தில் மீனவர் சங்கக் கணினிகளைப் பார்க்கிறவன். படகுப் பட்டியல் இருக்கும் சேர்வரில் டெபியன் என்கிற பழைய, லேசில் விழாத லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருந்தான். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான் தெரியும்.

"என்ன மச்சான், இழவு வீடு மாதிரிக் கிடக்கு?" என்று நக்கலடிப்பேன்.

"சேர்வருக்கு வடிவு என்னத்துக்கு? விழாம நிண்டாக் காணும்."

ஒரு வெள்ளிக்கிழமை அவன் ஜும்மாவுக்குப் போன நேரம், அவன் கதிரையில் இருந்து, என் மடிக்கணினியில் ஓடுகிற புத்தம்புது லினக்ஸை, பட்டியலைத் தொடாமல், அதில் ஏற்றினேன். திரைக்கு நிலாவெளிக் கடல் படமும் போட்டு, திரையை அணைத்துவிட்டு வந்தேன். அவன் கண்டுபிடிக்கும்போது சிரிக்கலாம் என்று நினைப்பு.

திங்கட்கிழமை அந்தப் புது லினக்ஸுக்கு அப்டேட் ஒன்று தானாக இறங்கியது. பட்டியல் திறக்கவில்லை. பட்டியலைப் பார்த்துச் சங்கம் எழுதிக் கொடுக்கிற டீசல் துண்டு கிடைக்காமல் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. நானும் பக்கத்தில் நிற்க, ரிஸ்வான் திரையைப் போட்டு, கடல் படத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு சங்கத் தலைவரிடம், "என்ட பிழைதான் சேர்" என்றான். தலைவர் எல்லோருக்கும் முன்னால் ஏசினார். எந்த லினக்ஸ் திறம் என்று ஓயாமல் வாதாடின என் வாய் அப்போது திறக்கவில்லை.

ஒரு கிழமை பொறுத்து, "மாத்தினது நான்தான்டா" என்று செய்தி அனுப்பினேன்.

"தெரியும் மச்சான், சேர்வருக்குப் படம் மாட்டுற விசரன் வேற ஆரு?"