வெள்ளிக்கிழமை நெருப்பு

எங்கள் பூஜை அலமாரியில், தணிகைநாதன் படத்துக்குக் கீழே ஒரு பக்கம் கருகிய கொட்டாங்குச்சி ஒன்று இருக்கிறது. "இதத் தூக்கிப் போட்டுடட்டுமா அத்தே?" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டை ஒழிக்கும்போது மருமகள் கேட்பாள். இருக்கட்டும் என்பேன்.

அது யுத்த காலம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு ரோடு போட்டால் நல்ல கூலி என்று யாரோ சொல்ல, வீட்டுக்காரர் அஸ்ஸாம் பக்கம் போய்விட்டார். திருத்தணி வீட்டில் நானும் மாமியாரும்தான். அவர் புறப்பட்ட அன்று மாமியார் விளக்கேற்றி, "எம்புள்ள வாசப்படி மிதிக்கிற வரைக்கும் இது அணையக் கூடாது முருகா" என்று வேண்டிக்கொண்டார். எண்ணெய் கிடைக்காத காலம். விளக்குக்கு வேண்டுமென்று தன் தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டுவிட்டார்.

ரேஷன் அரிசியில் பாதி கல், மீதி புழு. ஒருவேளைதான் உலை வைப்போம். மத்தியானத்துக்குள் அடுப்பு சில்லிட்டுப் போகும். தீக்குச்சி கிடைத்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வைத்துக்கொள்வோம். மற்றபடி, சாமி விளக்கிலிருந்து அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ அங்கே கொட்டாங்குச்சியில் நெருப்பு வாங்கி வருவதுதான். வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் தரமாட்டார்கள். நெருப்போடு மகாலட்சுமியும் வெளியே போய்விடுவாள் என்று பயம்.

பக்கத்து வீட்டில், கடைத்தெருவில் லாந்தர் ரிப்பேர் செய்யும் பாயின் குடும்பம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாய் வீட்டம்மா கொட்டாங்குச்சியோடு வந்து நின்றார்.

"புள்ளைக்கு ஜொரம்மா. கஞ்சி வெக்கணும், ஒரு துண்டு நெருப்பு குடுங்க."

"வெள்ளிக்கெழமையாச்சே பாயம்மா! நாளைக்கு வா, ரெண்டு துண்டா தரேன்" என்றார் மாமியார்.

அந்த அம்மா வெறும் கொட்டாங்குச்சியோடு திரும்பிப் போனார். எங்கள் அடுப்பு அப்போது நன்றாக எரிந்துகொண்டிருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை காற்றோடு வந்தது. கூரையில் ஓடு ஒன்று நகர்ந்து, தண்ணீர் நேராக விளக்கின்மேல் கொட்டியது. திரி அணைந்தது. "ஐயோ நைனா!" என்று மகனைக் கூப்பிட்டு மாமியார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் வெறும் சாம்பல். அரைக் குச்சிகூட இல்லை.

"எவ வூட்ல போயி கேப்பேன்? நானே குடுக்கலியே, இன்னிக்கு எவ குடுப்பா?"

நான் கொட்டாங்குச்சியை எடுத்தேன். "நீ இரு. மூஞ்சிய காட்ட வேண்டியது நான்தான்" என்று பிடுங்கிக்கொண்டு மழையில் இறங்கினார். பின்னாலேயே ஓடினேன்.

ஜுரம் தேறிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாய் வீட்டம்மா கதவைத் திறந்தார். மாமியார் கொட்டாங்குச்சியை நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"இது நனைஞ்சிபோச்சேம்மா, அணைஞ்சிடும்" என்று சொல்லித் தன் வீட்டுக் கொட்டாங்குச்சியில் நெருப்பை அள்ளி, மேலே தட்டால் மூடி, மழை படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு வந்தார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா குடுக்கறியே, உன் வூட்டு லட்சுமி போயிடுமேடி" என்றார் மாமியார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கம்மா போயிடப் போவுது? பக்கத்து வூட்டுக்குத்தானே வருது. நாளைக்கு திருப்பி அனுப்புங்க!"

அழுதுகொண்டிருந்த மாமியார் சிரித்துவிட்டார். "எனக்கு மூச்சு வாங்குது, நீயே ஊதுடி" என்றார். தேங்காய் நாரை வைத்து அந்த அம்மா ஊத ஊத நெருப்பு பிடித்தது. அதிலிருந்துதான் விளக்கேற்றினோம். அந்தக் கொட்டாங்குச்சியை மாமியார் சாமி படத்துக்குக் கீழேயே வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை யார் வந்தாலும் மாமியார் நெருப்பு கொடுத்தார். தெருப் பெண்கள் ஏனென்று கேட்டால், "முருகன் கேக்கட்டும், நான் சொல்லிக்கறேன்" என்பார். யுத்தம் முடிந்து வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தணிகைநாதன் கைவிடவில்லை. அவன் எந்தெந்தக் கையை வைத்துக் காப்பாற்றுவான் என்று நமக்கா தெரியும்?

போன வெள்ளிக்கிழமை மழையில் கரண்ட் போனது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வாசலில் தயங்கி நின்றாள். "வெள்ளிக்கெழம கேக்கக் கூடாதும்பாங்க... ஒரு தீப்பெட்டி..." அவள் முடிப்பதற்குள் முழுப் பெட்டியையும் கையில் வைத்தேன்.

"என்ன அத்தே, வெள்ளிக்கெழமையாச்சே?" என்றாள் மருமகள்.

"பக்கத்து வூட்டுக்குத்தானே போவுது" என்று சொல்லி, கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னேன்.

மறுநாள் காலையில் பார்த்தேன். கொட்டாங்குச்சியைத் துடைத்து, குங்குமம் வைத்திருந்தாள்.