அன்று ஊசி போடாத காரணம்

எங்கள் மருமகள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. "நீதாம்மா கூடவே இருந்தே, நினைவு மலர்ல நீயே எழுது" என்று மகன் சொன்னதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அவர் பிறந்தது வல்லக்கோட்டை. தகப்பனார் செங்கல் சூளையில் உழைத்து நர்சிங் படிக்க வைத்தார். படப்பையில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது ஒரகடம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. கம்பெனிகளில் மெஷினில் கை நசுங்கி வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைய வேண்டும் என்பது என் சட்டம். நைட் டூட்டி முடிந்து வந்தாலும் ஈரத் தலையோடு சமைத்து, என் மகனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் டப்பா கட்டிய பிறகுதான் படுப்பார்.

லீவு நாளிலும் ஓய்வில்லை. சொந்தக்காரர், தெருக்காரர் யார் கேட்டாலும், "எங்க மருமகளே ஊசி போடுவா, வாங்க" என்று கூப்பிட்டது நான்தான். எனக்கு அதில் பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஓரகத்தி சர்க்கரை ஊசியோடு வந்தாள். மருமகள் அதைக் கையில் வாங்கி, திரும்ப வைத்துவிட்டார்.

"என்னால முடியாது சின்னத்தை. கிளினிக்ல போட்டுக்குங்க."

"இன்னாடி, ஊருக்கெல்லாம் போடுற, எனக்குப் போட்டா கை தேஞ்சிடுமா? அக்கா, ஒன் மருமகளுக்கு சம்பளத் திமிரு ஏறிப்போச்சு!"

அவள் போன பிறகு மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எவ்ளோ மருந்து இழுத்தேன்னு பாத்துக்கினு இருக்கும்போதே மறந்து போவுது அத்தை. வார்டுல ஒவ்வொண்ணையும் மூணு வாட்டி பாக்குறேன். தப்பாப் போட்டு அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

மறு வாரம் ஆஸ்பத்திரியின் மூத்த நர்ஸ் அம்மா அவரை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார். அங்கேயும் வேலை, இங்கேயும் வேலை என்று மனம் களைத்துவிட்டது என்றார் டாக்டர். மூன்று மாதம் மாத்திரையும் ஓய்வும்.

சொந்தத்தில் கேட்டவர்களிடம் நான், "ஆமா, திமிருதான். வேலைக்கும் போவாம படுத்துக்கினு கீறா" என்றேன். மனசு சரியில்லை என்று தெரிந்தால் நாளைக்குப் பேத்தியை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பயம். திமிர் என்றால் மறந்துபோவார்கள் என்று நினைத்தேன். யாரும் மறக்கவில்லை. மருமகள் குணமாகி வேலைக்குத் திரும்பினார். நான் சொன்னது அவர் காதுக்கும் போயிருந்தது. என்னிடம் கேட்டதில்லை. சென்ற ஆண்டு காய்ச்சலில் ஐந்து நாள் கிடந்து இறந்தபோது, சாவு வீட்டிலேயே ஒருத்தி, "திமிரு புடிச்சவளா இருந்தாலும் சாவுற வயசில்ல" என்றாள்.

திமிர் இல்லை. என் ஓரகத்தியின் உயிருக்குப் பயந்துதான் அவர் ஊசியைக் கீழே வைத்தார். மாற்றிச் சொன்னது நான்.

அந்த மூன்று மாதமும் டூட்டியைப் பங்கு போட்டுக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், டாக்டரிடம் அழைத்துப் போன அம்மாவுக்கும், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்ட எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் ஓரகத்திக்குப் படிக்கத் தெரியாது. இந்த மலரை எடுத்துக்கொண்டு போய், அவள் வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில், நானே படித்துக் காட்டப் போகிறேன்.