தானாகப் பிடிக்காத பென்சில்

மாத்தளையில் நேர்சரி நடத்தும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பெற்றோர் பேசிக்கொள்வது தெரியும். பேசட்டும். விஜயதசமியன்று கோயிலில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்கள். ஒரு நாள் சடங்கு அது. அதையே வருஷம் முழுக்க வீட்டில் செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, நாலரை வயது. வீட்டிலிருந்து வரும் கொப்பியில் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வகுப்பில் பென்சிலைக் கொடுத்தால் கையைத் தளர்த்தி என் பக்கம் நீட்டிவிட்டுச் சும்மா இருப்பாள். நான் வந்து பிடிக்க வேண்டுமாம்! க்ரேயோனைச் சின்னத் துண்டாக உடைத்துக் கொடுத்தேன். துண்டு குட்டையாக இருந்தால் முழுக்கையால் பொத்திப் பிடிக்க முடியாது, மூன்று விரலும் தாமாக வந்து சேரும். மற்றப் பிள்ளைகளுக்குச் சேர்ந்தது. இவள் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். ஜனவரியில் முதலாம் வகுப்பு. அங்கே அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் யார் இவள் கையைப் பிடிக்கப்போகிறார்கள்?

வீட்டில் கையைப் பிடிக்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிட்டு, இரண்டு கிழமை அவளோடு மல்லுக்கட்டினேன். ஒரு வியாழக்கிழமை தானாகவே பிடித்துக் கொப்பியில் ஒரு கோடு இழுத்தாள். கோணல்தான். தாள் கிழியுமளவு அழுத்தம் வேறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கொப்பியைத் திறந்தால், அதே பக்கத்தில் வரிசையாக நேர்க்கோடுகள். அடியில் அழிறப்பர் தேய்த்த கறுப்பு.

"யாரு அழிச்சது?"

"அம்மா" என்றாள்.

கூட்டிப்போக வந்த தாயைக் கேட்டிலேயே மறித்தேன். "உங்களுக்கு அறிவு இருக்கா? பிள்ளை தானா போட்ட ஒரே கோடு அது! கையைப் பிடிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

அவர் கொப்பியை வாங்கி, முதல் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் பிடித்தார். பிள்ளை வந்த புதிதில் போட்ட நடுங்கிய கோடுகள். குறுக்கே சிவப்புப் பேனாவில் என் கையெழுத்து: 'அழகில்லை. திரும்ப எழுதவும்.'

"என்ன எழுதியிருக்குன்னு கேட்டிச்சு. வாசிச்சுக் காட்டினேன். பென்சிலைத் தொடவே மாட்டேன்னு அழுதிச்சுங்க டீச்சர். அதுக்குப் பொறகுதான் நான் கையைப் பிடிச்சேன். நேத்துக் கோணல் கோட்டுக்கும் அப்படியே எழுதிடுவீங்கன்னுதான் அழிச்சேன்."

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். என் கோபம் போகவில்லை. அந்தப் பிள்ளையை அழவைத்தவளை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.