பெரிய சிஸ்டர் வண்டியை நிறுத்தச் சொன்னால்

பதினோரு வருடமாக ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ஒரே வயிற்றெரிச்சல். கூட வரும் பெரிய சிஸ்டர் ஒரு நாளாவது அவரை ஒரே ஓட்டமாக ஓட்ட விட்டதில்லை.

மற்ற டிரைவர்கள் நாற்பது நிமிட வழியை முப்பத்திரண்டில் முடித்துவிட்டு டீக்கடையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். இவருடைய வண்டியோ பச்சைக் குழந்தைகளை ஏற்றும் வண்டி. குழந்தையோடு பெரிய சிஸ்டரும் ஏறுவார். பாதி வழி போவதற்குள் முதுகுக்குப் பின்னால் தகரத் தடுப்பில் டொக் டொக் என்று தட்டு விழும்.

"நிறுத்துப்பா."

"சைரன் போட்டுக்கிட்டு ஓரங்கட்டினா பாக்குறவன் சிரிப்பான் சிஸ்டர்."

"சைரனையும் நிறுத்து. சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்."

வண்டி குலுங்கினால் மூச்சை எண்ண முடியாதாம். வார் அறுந்து நூலால் தைத்த கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, சிஸ்டர் முழுசாக ஒரு நிமிடம் எண்ணுவார். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் என்ன என்று டிரைவர் ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"பொறந்த புள்ள என்ன உன் இன்ஜினா, ஒரே சீரா ஓட? நாலு மூச்சு ஓடி ஓடி விடும். அப்புறம் அஞ்சு செகண்டு சும்மா இருக்கும். மறுபடி ஓடும். அரை நிமிஷத்தை நம்பினா ஏமாந்துருவோம்."

டிரைவர்கள் அவருக்கு நிறுத்தம்மா என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் போனது. "வச்சவன் வண்டியை நிறுத்தட்டும், போதும்" என்றதோடு சரி.

ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் சேர்ந்தவர் அவர். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இருபத்தாறு வயதில் நர்ஸ் படிப்புக்குப் போனார். வீட்டுக்காரர் தையல்காரர்; கடையில் மிஞ்சும் துண்டுத் துணியில் குழந்தைகளுக்குக் குல்லா தைத்துக் கொடுப்பார். சிஸ்டரின் பையில் எப்போதும் நாலு குல்லா, கொதிக்க வைத்துத் துணியில் சுற்றிய ஒரு சின்ன ஸ்பூன், தின்ன நேரமில்லாமல் பாதியில் மடித்த பிஸ்கட் பொட்டலம். முழங்கால் இரண்டும் போய்விட்டன. வண்டியில் ஏறும்போது "அம்மாடி" என்பார், இறங்கும்போது அதுவும் சொல்ல மாட்டார்.

ஓய்வு பெற ஒன்பது நாள் இருந்தது. ஒரு மத்தியானம், நல்ல மழையில், சின்ன ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு மாதம் முந்திக்கொண்டு ஆபரேஷனில் பிறந்த ஆண் குழந்தை. பிறந்து ஐந்து மணி நேரம். மூச்சு நிமிடத்துக்கு எழுபத்து நாலு; அறுபதைத் தாண்டினாலே அதிகம். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் சர்க்கரைத் தண்ணீர் சொட்டு.

எழுந்திருக்க முடியாமல் கிடந்த தாய், சிஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரு வாய் பால்கூட குடிக்கலியே சிஸ்டர். பட்டினியா அனுப்புறேனே."

"பட்டினி இல்லம்மா, ஊசி வழியா போகுது. உன் வயித்துக்குள்ள இருந்தவரைக்கும் அவன் நுரையீரல் பூரா தண்ணி. வெளிய வந்ததும் அது வத்தணும். இவனுக்கு இன்னும் வத்தி முடியல, அதான் எரைக்கிறான். இப்ப வாயில ஊத்தினா முழுங்கவா மூச்சு விடவான்னு திணறிப்போவான். பால் போக வேண்டிய எடத்துக்குப் போகாது. மூச்சு அடங்கினதும் உன் பாலைத்தான் குடுப்பேன். எடுத்துக் குடு."

தேன் நிறத்தில், ஒரு ஸ்பூன்கூட நிறையாத சீம்பால். அதை மூடி போட்ட சின்ன புட்டியில் வாங்கிக்கொண்டார்.

"குடிச்சானான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று தாய் கேட்டாள்.

"சொல்லி அனுப்புறேன்."

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பதினைந்தாவது நிமிடம் படாரென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கல்லாக இறுகியது. டிரைவர் வண்டியை ஓரம் தள்ளி, மழையில் பானட்டைத் தூக்கிப் பார்த்தார். இன்ஜின் பெல்ட் அறுந்து தொங்கியது.

"மாத்துப் பெல்ட்டு எங்க?" என்றார் சிஸ்டர்.

"வீட்டுல."

"வீட்டுல என்ன பண்ணுது?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அதையும் டூல் பெட்டியையும் எறக்கி வச்சேன். வெயிட்டு கொறஞ்சா வண்டி கொஞ்சம் பறக்கும்னு..."

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு உன் தொப்பைய எறக்கி வச்சிருக்கலாம்."

மாற்று வண்டி வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். பேட்டரியும் கிழடு. பத்து நிமிடத்தில் குழந்தை படுத்திருந்த சூட்டுப் பெட்டியின் விளக்கு அணைந்தது. சிஸ்டர் புறங்கையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது. எண்ணினார்: எழுபத்தெட்டு.

"உடம்பு குளுந்தா மூச்சு இன்னும் ஓடும். தம்பி, சட்டையக் கழட்டு."

"என்ன சிஸ்டர்?"

"காது கேக்கலியா? கழட்டு. சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவு."

"நீங்களே வச்சுக்கலாமே..."

"ஆக்சிஜனை யாரு பாக்குறது, உங்கப்பனா? எனக்கு ரெண்டு கையும் வேணும்."

கழுவிவிட்டு வந்தார். சிஸ்டர் அவர் நெஞ்சை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து, காயவும் துடைத்தார். "கரடி தோத்துது போ" என்று முணுமுணுத்தார். குழந்தைக்குக் குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும். அவர் நெஞ்சின்மேல் தவளைக்குஞ்சு போலக் குப்புறக் கிடத்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, கழுத்து மடங்காமல் பார்த்து, மேலே இரண்டு போர்வை.

டிரைவர் அசையவில்லை. இவ்வளவு வேகமாக ஓடும் ஒன்றை அவர் ஓட்டியதில்லை. அந்தச் சின்ன விலா போகிற போக்கைப் பார்த்தால் எங்கேயாவது முட்டி நின்றுவிடும் போலிருந்தது. பெல்ட்டை இறக்கி வைத்த கையை வெட்டிப் போடலாம் என்று வந்தது. அதை வாய்விட்டுச் சொன்னார்.

"வெட்டிக்கலாம். இப்ப அந்தக் கை அவன் முதுகுல இருக்கட்டும்" என்றார் சிஸ்டர்.

எழுபத்திரண்டு. டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார், ரோஜா நிறம்தான். பாதத்தைத் தொட்டார். கொஞ்ச நேரம் கழித்து அறுபத்தாறு. பிறகு நீண்ட நேரம் அதிலேயே நின்றது. பிறகு ஐம்பத்தெட்டு.

"இப்பக் குடுங்களேன் சிஸ்டர்."

"ஒரு தடவைய நம்பக் கூடாது."

மறுபடி எண்ணத் தொடங்கியபோதுதான் மாற்று வண்டி வந்து நின்றது. அதன் டிரைவர் ஹாரன் அடித்து, கதவைத் திறந்து, "என்ன சிஸ்டர் மசமசன்னு! சீக்கிரம் ஏறுங்க!" என்று கத்தினான்.

"வாய மூடுடா! எண்ணிக்கிட்டு இருக்காங்கல்ல!" என்று சட்டையில்லாத டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஐம்பத்தேழு.

சிஸ்டர் குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, ஸ்பூனின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்தார். ஊற்றவில்லை. குழந்தை நாக்கை நீட்டித் துழாவியது. ஒரு சொட்டு உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியது. கொஞ்சம் நின்றது. பிறகு மூச்சு விட்டது. இருமவில்லை, நீலம் பாரிக்கவில்லை. அடுத்த சொட்டு. எட்டாவது சொட்டோடு தூங்கிப்போனது.

குழந்தையை மாற்று வண்டியின் சூட்டுப் பெட்டிக்கு மாற்றினார்கள். நின்றுபோன வண்டிக்குக் காவலாக டிரைவர் இருக்க வேண்டும். பெல்ட்டோடு மெக்கானிக் வந்துகொண்டிருந்தான். மறுநாளிலிருந்து சிஸ்டர் மிச்சமிருந்த விடுப்பை எடுத்துக்கொண்டார், அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டார். அதன் பிறகு அவர் எந்த ஆம்புலன்ஸிலும் ஏறவில்லை.

அன்று மாற்று வண்டியில் "அம்மாடி" என்று கடைசியாக ஏறி உட்கார்ந்தவர், கதவைச் சாத்தவிடாமல் தலையை நீட்டினார்.

"தம்பி, வண்டி சரியானதும் நேரா அந்தப் புள்ள பெத்தவகிட்டப் போ. போன்ல சொன்னா நம்ப மாட்டா. என் கண்ணால பாத்தேன்னு சொல்லு, எட்டு சொட்டு முழுங்கினான்னு. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் பாலை எடுத்து வைக்கச் சொல்லு. அதைக் கையோட வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரு."