ஞானமதி விட்ட மாம்பழம்

ஞானமதியின் சமணக் குடும்பத்தில் விரதமாக ஏதாவது ஒரு பண்டத்தை விட்டுவிடுவது வழக்கம். ஒருத்தர் நெய்யை விடுவார், இன்னொருத்தர் வெல்லத்தை. ஞானமதி மாம்பழத்தை விட்டாள். தன் கையால் வைத்த மரம் காய்த்தால்தான் இனி மாம்பழம் தின்பேன் என்று கல்யாணமான புதிதில் சொல்லிவிட்டாள்.

“ரயில்வேகாரன் பொண்டாட்டி பாகற்காய விட்டிருக்கக் கூடாதா?” என்பார் அவள் கணவர் ஆதிநாதன். அவர் கேட்டதிலும் தப்பில்லை. கூட்ஸ் ஆபீஸ் கிளார்க்கான அவருக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கும். போன ஊரிலெல்லாம் அவள் மாங்கன்று வைத்தாள். காய்ப்பதற்குள் மூட்டை கட்டினாள்.

விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு அவர்கள் வந்தது எண்பத்திரண்டில். மாசி பிறந்தால் அவளை வீட்டுக்குள் பார்க்க முடியாது. பின்பக்கத்தைக் கொத்தி, எரு போட்டு, வெண்டை, கொத்தவரை, புடலை, மூலையில் பப்பாளி என்று நிரப்பிவிடுவாள். நான் ஆசையாகக் கொடுத்த முள்ளங்கி விதையை மட்டும் தொடவில்லை. மண்ணுக்கடியில் விளைவதை அவர்கள் சாப்பிட மாட்டார்களாம். எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் ஒட்டு மாங்கன்று. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதுகூட ஓடிப்போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள். எனக்கு எரிச்சலாக வரும். உலகத்தில் இல்லாத மரமா என்று கேட்டுவிடலாம் போலிருக்கும்.

எண்பத்தாறு மாசியில் அது நன்றாகப் பூத்தது. பங்குனியில் பிஞ்சு பிடித்தது. அதே பங்குனியில் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தது. சாமானெல்லாம் வண்டியில் ஏறிய பிறகும் ஞானமதி மரத்தடியைவிட்டு நகரவில்லை. எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

“தண்ணி நான் ஊத்துறேன். பழுத்ததும் நானே எடுத்துக்கினு வர்றேன், நீ கெளம்பு” என்றேன்.

வைகாசியில் பழுத்தது. நாலு பழத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பிற்பகல் பாசஞ்சரில் ஏறினேன். வழியில் கிராசிங்குக்கு நிறுத்திய வண்டி அசைவதாக இல்லை. திண்டிவனத்தில் அவள் வீட்டுக் கதவைத் தட்டும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ஐயோ அக்கா, பொழுது போயிடுச்சே!” என்றாள்.

பொழுது சாய்ந்துவிட்டால் அவள் எதையும் வாயில் வைப்பதில்லை.

“ஒரே ஒரு துண்டு. சாமி கோச்சிக்காது” என்று சொல்லிப் பார்த்தேன்.

“இத்தினி வருசம் இருந்துட்டேன். ஒரு ராத்திரி இருக்க மாட்டேனா?” என்றாள். பழத்தை மடியில் வைத்து மோந்து மோந்து பார்த்தாள்.

விடிந்ததும் குளித்து, கும்பிட்டு, முதல் துண்டை வாயில் போட்டாள். இனிப்பாக இருக்கிறதா என்றேன். தலையாட்டினாள். ஆதிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைத்தெருவுக்கு ஓடி ஒரு கூடை மாம்பழம் வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தார்.

“வெரதம்தான் முடிஞ்சுபோச்சே. இனிமே இஷ்டத்துக்குச் சாப்பிடு.”

அவள் கூடைப் பக்கம் திரும்பவேயில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

“அக்கா, நீங்க இங்க வந்துட்டீங்களே. இன்னிக்கி மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?”